றியாலின் விலையை யார் சொல்கிறார்?

மட்டக்களப்பு நகரத்தில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பலகை கண்ணில் படும். முன்பு எண்களைக் கையால் செருகி வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் திரையில் ஓடுகிறது. ஒரு பக்கம் நாணயங்களின் பெயர்கள், மறுபக்கம் இரண்டு நிரல்களில் அவற்றின் ரூபாய் விலையைச் சொல்லும் எண்கள். வரிசையில் நிற்பவர்கள் பலருக்கு அந்த எண்களோடு நேரடி உறவு உண்டு. ஒருவருடைய மனைவி சவூதியின் தமாமில் வீட்டு வேலை செய்கிறார். இன்னொருவருடைய மகன் கட்டாரில் கட்டட வேலை. மற்றொருவருடைய அண்ணன் சூரிச்சில் உணவகம் ஒன்றில் இருக்கிறார். ஆனாலும் அந்தப் பலகையை நின்று வாசிப்பவர்கள் மிகக் குறைவு. முகப்பில் இருப்பவர் கொடுக்கும் தொகையை வாங்கி, எண்ணி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பித்தவன் என்ற வகையில் இது என்னை நெடுங்காலமாக உறுத்துகிறது. நாணயமாற்று, மாற்று வீதம், மாற்றுக் கட்டுப்பாடு, மாற்றுண்டியல், பங்கு மாற்று நிலையம் என்று எத்தனையோ பாடங்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து நல்ல புள்ளிகளும் எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே மாதாமாதம் வந்த றியால் எந்த விலைக்கு ரூபாயாக மாறியது என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் இடமெல்லாம் ஒரு வீதம் இருக்கிறது. அந்த வீதத்தை யாரோ ஒருவர் சொல்கிறார். அவர் யார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதை அறியும் உரிமை, அந்தப் பணத்தை உழைத்தவருக்குத்தான் முதலில் உண்டு.

எங்கள் பகுதியில் இந்த வீதம் ஒருகாலத்தில் எல்லோர் கண்முன்னேயும் பேசி முடிக்கப்பட்டது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்து, நெல்லைப் பிரிக்கச் சூடு போடும் நாட்களில், கடலோரப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மீனும் கருவாடும் தேங்காயும் சுமந்துகொண்டு ஆட்கள் சூடு போடும் களமான களவெட்டிக்கு வருவார்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை வாவியைக் கடக்க ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான் இருந்தது. பாதைக்குக் காத்திருந்து, இறங்கி, வரம்போரமாக நடந்து வந்து கூடையை இறக்கும்போது வெயில் ஏறிவிடும். களத்தில் காசு இருக்காது, நெல் இருக்கும். செப்பலி மீனுக்கு இவ்வளவு, மணலை மீனுக்கு இவ்வளவு, கருவாட்டுக்கு இவ்வளவு என்று பேசி, கொத்து என்ற அளவையால் அளந்து கொடுப்பார்கள். அளக்கும்போது முதல் கொத்தை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார்கள்.

அந்தப் பேரத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விடயம் புரியும். பச்சை மீன் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். நெல் அடுத்த போகம் வரைக்கும் இருக்கும். வெயில் ஏற ஏற மீன்காரியின் குரல் இறங்கும். கருவாடு கொண்டு வந்தவருக்கு அந்த அவசரம் இல்லை, அதனால் அவருடைய வீதம் அதிகம் அசையாது. காத்திருக்க முடிந்தவர் விலை சொல்கிறார், முடியாதவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்று மீன் ஏராளமாகப் பட்டதா, நெல் பதராகப் போயிற்றா என்பது இருவருக்கும் தெரியும். ஏன் இன்று இந்த விலை என்ற கேள்விக்கு விடை அந்தக் களத்திலேயே கிடந்தது.

நாடுகளும் இதே முறையில் பண்டத்துக்குப் பண்டம் மாற்றியிருக்கின்றன. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் அதற்குப் பெரிய சான்று. கொரியப் போர்க்கால ஏற்றம் தணிந்து இறப்பர் விலை சரிந்திருந்தது. அரிசி விலையோ ஏறியிருந்தது. நாட்டின் கையிருப்பில் இருந்த வெளிநாட்டுச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும் என்று ஐந்தாண்டுகளுக்குப் பேசினார்கள். அன்று வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஆர். ஜி. சேனநாயக்க. அமெரிக்காவின் கோபத்தைத் தாங்கிக்கொண்டுதான் அதில் கையெழுத்திட்டார்கள். அதே காலத்தையொட்டித்தான் எங்கள் பக்கத்தில், இங்கினியாகலையில் அணை எழுந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தைக் குடியேற்றம், அரசியல் என்று பல கோணங்களில் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு செலாவணிக் கணக்கும் இருந்தது: அரிசி இறக்குமதிக்குப் போகும் வெளிநாட்டுப் பணத்தைக் குறைப்பது. அம்பாறையின் வயல்வெளிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணக்கும் நினைவுக்கு வரும்.

1953இல் மாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணத்தை வைத்திருப்பது, வாங்குவது, அனுப்புவது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். 1968இல் இரட்டை வீதம் வந்தது. அத்தியாவசியப் பொருட்களின் இறக்குமதிக்கு அரசாங்க வீதம். மற்றவற்றுக்கு வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு மேலதிகமாக 44 சதவீதம், பின்னர் 65 சதவீதம் வரை. ஒரே டொலருக்கு இரண்டு விலைகள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி டொலரை ஏறக்குறைய 16 ரூபாயில் நிறுத்தினார்கள். 2001 ஜனவரியில், விலையைச் சந்தையிடம் விட்டு ரூபாயை மிதக்கவிட்டதாக அறிவித்தார்கள். 2017இல் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இவற்றைப் பரீட்சைக்காகப் படிப்பவர்களுக்குத் திகதிகள்தான் தெரியும். எங்கள் ஊருக்கு இவற்றோடு இருக்கும் தொடர்பு வேறு வழியாக வந்தது.

அந்த வழி அரபு நாடு. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய பயணம், போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லா ஊர்களுக்கும் பரவியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது. போனவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்பதை எங்கள் ஒழுங்கைகளில் நடந்தாலே உணரலாம். எத்தனை வீடுகளில் அம்மம்மாமார் பிள்ளை வளர்க்கிறார்கள். அந்தப் பெண்களின் தொலைபேசிப் பேச்சில்தான் ‘எக்ஸ்சேஞ்ச்’ எங்கள் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தது. பழைய ஆட்களுக்கு அது தபாற்கந்தோரில் டிரங் கோல் இணைப்பு எடுத்துக் கொடுக்கும் இடம். அரபு நாட்டில் இருப்பவர்களுக்கு அது சம்பள நாளில் போய் நிற்கும் பணமாற்றுக் கடை. “நாளைக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறேன் அம்மா” என்றால் நாளை மறுநாள் வீட்டுக்குக் காசு வரும் என்று பொருள்.

ஒருநாள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் கைத்தொலைபேசியோடு வந்தார். மகள் சவூதியில் வீட்டு வேலை செய்கிறாள். வட்ஸ்அப்பில் மகள் அனுப்பிய பற்றுச்சீட்டின் படம் திரையில் இருந்தது.

“தம்பி, போன மாதமும் ஆயிரம் றியால் அனுப்பினேன் என்கிறாள், இந்த மாதமும் ஆயிரம் என்கிறாள். கைக்கு வந்த காசு குறைந்திருக்கிறது. பிள்ளை என்னிடம் எதையாவது மறைக்கிறாளா?”

இந்தக் கேள்வி என்னைக் கலங்க வைத்தது. கடலுக்கு அப்பால் உழைக்கும் மகள்மேல் தாய்க்கு ஒரு சந்தேகம். அதற்குக் காரணம் ஒரு சிறிய எண். படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாக இருவரும் வாசித்தோம். அந்தக் குடும்பத்தின் கணக்கை இங்கே எழுத முடியாது. அதே மாதிரியான எண்களை வைத்துச் சொல்கிறேன், புரிந்துகொள்ள இதுவே போதும்.

டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டொலருக்கு 3.75 சவூதி றியால் என்பதால், றியாலின் நடுவீதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள வீதம், சரியாக 80 ரூபாய். ஆயிரம் றியாலுக்கு 80,000 ரூபாய் வரவேண்டும். கடை அனுப்பும் கட்டணமாக 16 றியாலைக் கழிக்கிறது. மிஞ்சிய 984 றியாலை 80 ரூபாய்க்கு மாற்றவில்லை, 79 ரூபாய் 20 சதத்துக்கு மாற்றுகிறது. வீட்டுக்கு வருவது 77,932 ரூபாய் 80 சதம். இடையில் போனது 2,067 ரூபாய் 20 சதம். இதில் கட்டணமாகப் போன 1,280 ரூபாய் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மீதி 787 ரூபாய் 20 சதம் சீட்டில் எங்கும் இல்லை. அது வீதத்துக்குள் இருக்கிறது. ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் கடைகளும் உண்டு. அவர்கள் சம்பாதிப்பது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

போன மாதம் கடை 80 ரூபாய் 10 சதம் கொடுத்திருந்தால், அதே 984 றியாலுக்கு 885 ரூபாய் 60 சதம் கூடுதலாக வந்திருக்கும். மகள் எதையும் மறைக்கவில்லை. வீதம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா அங்கேயே மகளுக்குக் குரல்பதிவு அனுப்பினார். என்ன சொன்னார் என்பது அவர்களுக்கிடையிலான விடயம்.

கட்டணம் பெரும்பாலும் நிலையானது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் றியாலுக்கு 16 றியால் என்றால் 1.6 சதவீதம். அவசரத்துக்கு 300 றியால் மட்டும் அனுப்பினால் அதே 16 றியால் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. நோய் வருத்தம் வந்தது, பாடசாலைக்குக் கட்டவேண்டும் என்று மாதத்தில் மூன்று தடவை பிய்த்துப் பிய்த்து அனுப்பச் சொல்லும் வீடுகள் இதை ஒருகணம் நினைக்க வேண்டும். தொழிலாளர் பணம் அனுப்பும் செலவை 2030ஆம் ஆண்டுக்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று. உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கிறது.

வீதம் எங்கே தீர்மானமாகிறது என்பதும் முக்கியம். அங்கே கடையிலேயே ரூபாயாகக் கணக்கிட்டு அனுப்பினால், வீதத்தைச் சொன்னது அந்தக் கடை. டொலராக அனுப்பினால், அதை ரூபாயாக்குவது இங்குள்ள வங்கி. அப்போது பலகையில் பார்க்க வேண்டியது வாங்கும் வீதம். வாங்குவது, விற்பது என்பதெல்லாம் வங்கியின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. நாம் றியாலைக் கொண்டுபோனால் வங்கி அதை நம்மிடம் வாங்குகிறது, எனவே சிறிய எண். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கு டொலர் கேட்டுப் போனால் வங்கி நமக்கு விற்கிறது, எனவே பெரிய எண். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. கணக்கு வழியாக வரும் பணத்துக்கும் கையில் கொண்டுவரும் தாளுக்கும் வீதம் வேறு. தாளை எண்ண வேண்டும், பாதுகாக்க வேண்டும், திரும்ப வெளிநாட்டுக்கு ஏற்றியனுப்ப வேண்டும். அந்தச் செலவைத் தாளின் விலையில் கழித்துவிடுவார்கள். ஊர் திரும்பும்போது சேமிப்பு முழுவதையும் தாளாகச் சுற்றிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும், ஆபத்து ஒருபுறம் இருக்க.

சவூதியில் இருப்பவர்கள் டொலரின் விலையைக் கேட்டாலே போதும், தங்கள் றியாலின் விலை தெரிந்துவிடும். 1986இலிருந்து ஒரு டொலருக்கு 3.75 றியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டாரின் றியால் 3.64, ஐக்கிய அரபு இராச்சியத்தின் திர்ஹாம் 3.6725. கொழும்பில் டொலர் ஏறினால் அதே அளவுக்கு இவையும் ஏறும், இறங்கினால் இறங்கும். குவைத் தினார் மட்டும் 2007இலிருந்து பல நாணயங்களின் கூடையோடு இணைக்கப்பட்டிருப்பதால் சற்றே தனியாக நடக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களின் கதை வேறு. 2015 ஜனவரி 15ஆம் திகதி சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராக பிராங்குக்கு வைத்திருந்த 1.20 என்ற எல்லையைத் திடீரென எடுத்துவிட்டது. அன்றே பிராங் துள்ளி எழுந்தது. கொழும்பில் எதுவுமே நடக்காமல், மட்டக்களப்பில் சுவிஸ் காசு வாங்கும் வீடுகளுக்கு ரூபாய் கூடியது. யாரோ ஒருவர் பேர்ணிலோ சூரிச்சிலோ எடுத்த முடிவு கொக்கட்டிச்சோலையில் ஒரு வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. இப்படிப்பட்ட இணைப்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனி உற்சாகம் உண்டு.

இனிக் கசப்பான பகுதி. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் கையிருப்பு 2021 இறுதியில் 3.1 பில்லியனுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்தார்கள். வெளியே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் உண்டியல் செழித்தது.

உண்டியலில் பணம் கடல் கடப்பதே இல்லை. தமாமில் ஒருவரிடம் றியாலைக் கொடுத்தால், அவர் ஊரில் இருக்கும் கூட்டாளிக்குத் தொலைபேசியில் சொல்வார். கூட்டாளி வீட்டு வாசலுக்கே வந்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே சேர்ந்த றியால் அங்கேயே யாரோ ஒரு வியாபாரியின் கடனுக்கோ சரக்குக்கோ போய்விடும். நாட்டுக்குள் ஒரு டொலர்கூட வராது. சட்டத்துக்குப் புறம்பானது, சீட்டு இல்லை, காசு வராமல் போனால் போய் முறையிட ஓர் இடமும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் மக்கள் அதன் பக்கம் போனார்கள். டொலருக்கு 10 ரூபாய் ஊக்கக் கொடுப்பனவு என்று மத்திய வங்கி அறிவித்தும் ஓட்டம் நிற்கவில்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல்கள் 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன் என்று விழுந்தன.

அந்த நாட்களில் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் உண்டியலில் அனுப்பியவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்ற தொனியில் பேசினார்கள். எனக்கு அது பெரிய அநீதியாகப் பட்டது, இன்றும் படுகிறது. விடியற்காலை எழுந்து நள்ளிரவு வரைக்கும் இன்னொருவர் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணிடம், உன் றியாலை உண்மையான விலைக்குக் குறைவாக நாட்டுக்குக் கொடு என்று கேட்டார்கள். அவளுடைய உழைப்பில் ஒரு பகுதியை, வரி என்று பெயர் சொல்லாமலேயே எடுத்தார்கள். அந்த மலிவு டொலரை வாங்கி இறக்குமதி செய்தவர்கள் ஆதாயம் அடைந்தார்கள். உண்டியலை நான் ஒருபோதும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் வீதத்தை அசையாமல் பிடித்தவர்கள்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

2022 மார்ச் 7ஆம் திகதி பிடி தளர்ந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாய்க்கு வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் 53,000 ரூபாயாக இருந்த ஆயிரம் றியால் 96,000 ரூபாயானது. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளைப் பார்த்து, அவர்களுக்கென்ன என்று ஊரார் பெருமூச்சு விட்ட காலம் அது.

ஆனால் அந்த 96,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடிந்தது? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஏறக்குறைய இரட்டித்த காசு, ஏறக்குறைய இரட்டித்த அரிசி, பருப்பு, மா விலை. பெயரளவு வீதம் ஏறியது. அந்தக் காசுக்கு எவ்வளவு பொருள் வாங்கலாம் என்று பார்க்கும் உண்மை வீதம் பெரிதாக நகரவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியில் முடியும் இந்த வேறுபாட்டை அன்று ஒவ்வொரு குசினியும் அனுபவித்தது. வெளிநாட்டில் எவரும் இல்லாத வீடுகளுக்கு விலை மட்டும் இரட்டித்தது. அவர்களுக்கு இந்தச் செலாவணி ஒருநாளும் வருமானமாக வந்ததில்லை. செலவாக மட்டுமே வந்தது.

மீனவர்களைக் கேளுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. இயந்திரப் படகை இறக்கினால் எண்ணெய்க் காசுக்கு மீன் படுமா என்று கணக்குப் பார்த்துப் படகைக் கரையில் ஏற்றி வைத்தவர்கள் உண்டு. விவசாயிகளைக் கேளுங்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் நீக்கினார்கள். இயற்கை விவசாயம் என்று காரணம் சொன்னாலும், டொலர் பற்றாக்குறை நாட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெரும்போகத்தில் யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்ற பயிரை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பார்த்தவர்களுக்கு, செலாவணிக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நகையும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. ஒரு பவுண் என்பது 8 கிராம். 22 கரட் என்றால் அதற்குள் 7.33 கிராம் சுத்தத் தங்கம். அதன் விலை உலகச் சந்தையில் டொலரில் நிர்ணயமாகி, மாற்று வீதத்தால் பெருகி நமக்கு வருகிறது. ரூபாய் விழுந்தபோது பவுண் ஏறியது அதனால்தான். கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு சோடிக் காப்பு வாங்கி வைக்கும் எங்கள் தாய்மார், தெரிந்தோ தெரியாமலோ தங்கள் சேமிப்பை ரூபாயின் வீழ்ச்சியிலிருந்து காப்பாற்றினார்கள். படித்தவர்கள் சிலர் அதைப் பயனற்ற சேமிப்பு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதேவேளை வங்கியிலும் வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஒன்று உண்டு. உழைத்த பணத்தை டொலராகவே வைத்திருக்கலாம், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கு மாற்றலாம். களவெட்டியில் கருவாடு கொண்டுவந்தவருக்கு இருந்த ஆறுதல் இந்தக் கணக்கு வைத்திருப்பவருக்கும் கிடைக்கும். இதைப் பற்றி அறியாமல், வந்த அன்றே அனைத்தையும் ரூபாயாக்கிவிடுகிற வீடுகள்தான் ஏராளம்.

பங்குச் சந்தையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை; கொழும்பில் நடக்கும் அந்த மாற்று எங்கள் பக்கத்துக் குடும்பங்களை இன்னும் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் இன்ன தொகையை இன்னாருக்குக் கொடு என்று எழுதித் தரும் மாற்றுண்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நெல் விற்கும் ஒவ்வொருவரும் அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டப்படி, காசோலையும் ஒரு மாற்றுண்டியலே: வங்கிமேல் எழுதப்பட்டு, கேட்டவுடன் கொடுக்கப்பட வேண்டியது. அறுவடை நேரத்தில் நெல்லைக் கொள்வனவு செய்பவர்கள் சிலர் இரண்டு மாதம் தள்ளித் திகதியிட்ட காசோலையைக் கொடுக்கிறார்கள். அந்தத் திகதி வரும்வரைக்கும் அதற்கு வங்கியில் மதிப்பில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி அப்படி ஒரு காசோலையைப் பெற்று, அது வரும்வரை காத்திருக்க முடியாமல் மனைவியின் நகையை அடகு வைத்து அடுத்த போகத்துக்கு உழவு செய்தார். நெல்லுக்குப் பேசிய விலை ஒன்று. இரண்டு மாத வட்டியைக் கழித்தால் உண்மையில் கிடைத்த விலை வேறொன்று. இங்கேயும் ஒரு மாற்று வீதம் ஒளிந்திருக்கிறது: இன்றைய பணத்துக்கும் பின்னாள் பணத்துக்கும் இடையிலான வீதம். விலை பேசும்போதே திகதியையும் பேசுங்கள். கையில் காசென்றால் என்ன விலை, பின்னாள் காசோலையென்றால் என்ன விலை என்று இரண்டாகக் கேளுங்கள். கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. பணவனுப்பல்களும் வங்கி வழிக்குத் திரும்பின, 2023இல் 5.97 பில்லியன், 2024இல் 6.6 பில்லியனுக்கு அருகில். வீதம் சந்தைக்கு நெருங்கியதும் உண்டியலின் ஆதாயம் சுருங்கியது. நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்று பட்டியல் போடும்போது, தங்கள் சீட்டைத் தாங்களே வாசிக்கத் தெரியாமல் இதைச் செய்த பெண்களின் பெயர் அதில் வருவதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். வெளிநாடு போகும் பெண்களுக்குப் புறப்படுமுன் பயிற்சி கொடுக்கிறார்கள். சலவை இயந்திரம், அடுப்பு, கொஞ்சம் அரபு எல்லாம் வேண்டியவைதான். அதற்குள் ஒரு காலைப்பொழுதை இந்தக் கணக்குக்கு ஒதுக்குங்கள். உண்மையான பற்றுச்சீட்டுகளைக் கையில் கொடுத்து, நடுவீதம் எவ்வளவு, கடை கொடுத்தது எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். மத்திய வங்கி வேலைநாள்தோறும் வீதங்களை வெளியிடுகிறது. தொலைபேசியில் அதை எப்படித் திறப்பது என்று காட்டுங்கள். சாதாரண தரத்து வணிகக் கல்வி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பாடப்புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு, பிள்ளையை வீட்டிலிருந்தே ஒரு சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைத்துவிட்டு. எந்த வகுப்பிலும் சீட்டுக்குப் பஞ்சம் இருக்காது.

எங்கள் கிராமத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் பின்னேரம் இதைத் தொடங்கியிருக்கிறோம். கல்குலேட்டர், ஒரு வெள்ளைப் பலகை, நீள வாங்குகள் போட்ட ஒரு மண்டபம், இவ்வளவுதான். வருபவர்கள் பெரும்பாலும் அம்மாமார். சிலர் மகளையும் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து நாங்களும் நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். போன கிழமை ஒரு தாய், மகள் போகும் கடையையும் அதே தெருவில் இருக்கும் இன்னொரு கடையையும் ஒப்பிட்டு, இனிமேல் எங்கே அனுப்புவது என்று மகளோடு பேசி முடிவெடுத்தார். அடுத்ததாகக் காசோலைக் கணக்கு. அறுவடைக்கு முன் வயற்காரர்களையும் கூப்பிட வேண்டும்.